நாம் நடக்கும் காட்டைக் காப்பாற்ற: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விடிகாலையில் காட்டுத் தடத்தில் நடக்கிறவர்கள், பைனாகுலரோடு பறவை பார்க்கிறவர்கள், செம்மண் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் மரம் காட்டுகிறவர்கள் என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் நம்மைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஒருநாள் நாம் போய்வரும் இடத்தில் அளவுக்கல் நட்டிருக்கிறது. மரங்களில் பெயின்ட்டால் எண் போட்டிருக்கிறது. சாலை வருகிறது என்கிறார் ஒருவர், மனைப்பிரிவு என்கிறார் இன்னொருவர். உடனே எல்லோரும் செய்வது படம் எடுத்துப் பகிர்வதும் கையெழுத்து வாங்குவதும்தான். அதில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் கோப்பை மூடிவிட மாட்டார்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அரசாங்கத்தின் பதிவேட்டில் அந்த நிலம் என்னவாக இருக்கிறது? எந்த அதிகாரியிடம் போவது, எந்தச் சட்டத்தைச் சொல்வது, எந்த நீதிமன்றம் என்பதெல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஓடினால் ஓடிக்கொண்டே இருப்போம்.

படி 1: சர்வே எண்ணைப் பிடியுங்கள்

காடு எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறது, எந்தெந்த சர்வே எண்களில் விரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடலூர் மாவட்டமென்றால் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேடும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு) புலப்படமும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) பார்க்கலாம். புதுச்சேரிக்கு ‘நிலமகள்’ தளம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்காததைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேளுங்கள். புலப்படத்தை எடுத்துக்கொண்டு போய், காட்டின் நான்கு மூலையையும் கைப்பேசியில் ஜி.பி.எஸ். எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக் காடு ஒரு எண்ணிலும் மீதி வேறு எண்ணிலும் இருப்பது சாதாரணம். திட்டக்காரர்கள் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் நுழைவார்கள்.

அ-பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து நிலைமை தலைகீழாக மாறும். பிச்சாவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்புநிலக் காடு. காப்புக்காடு, அதாவது அரசு சட்டப்படி அறிவித்துக் காக்கும் காடு என்ற பாதுகாப்பு அதற்கு உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அலையாத்திக் காடுகள் மிகக் கடுமையான 1-ஏ பிரிவில் வருகின்றன. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே ஒருவர் கட்டடம் கட்ட நினைத்தால் தாண்ட வேண்டிய வேலிகள் பல.

ஆனால் நம் பகுதியின் இன்னொரு செல்வத்துக்கு இவ்வளவு காவல் கிடையாது. திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் போன்ற ஊர்களில் இருக்கும் வறண்ட பசுமைமாறாக் காட்டுத் துண்டுகளைச் சொல்கிறேன். சோழமண்டலக் கரையின் சொந்தக் காடு இதுதான். பல இடங்களில் ஊர்ச் சாமியின் காடாக இருந்ததால் மட்டுமே தப்பித்தது. சித்திரை வெயிலில் வெளியே கால் வைக்க முடியாதபோது உள்ளே நுழைந்தால் இலை உதிராமல் கரும்பச்சையாக நிற்கும். வீரை மரத்தின் அடியைப் பாருங்கள். உருண்டையாக இருக்காது; பள்ளமும் மேடுமாக, பல தண்டுகளை முறுக்கிச் சேர்த்த மாதிரி இருக்கும். விரலை விட்டால் பள்ளத்துக்குள் முழு விரலும் போகும். பக்கத்திலேயே காயா, உலக்கைப் பாலை, காட்டு எலுமிச்சை, மேலே மேலே ஏறிப் பின்னிக்கொண்ட கொடிகள். மெதுவாக வளரும் இந்த மரங்களை வெட்டிவிட்டு வேறு இடத்தில் பத்து மடங்கு கன்று நடுகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த அடிமரத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட காடு பதிவேட்டில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ (நிலவரி விதிக்கப்படாத நிலம்) என்றோ ‘கோயில் புறம்போக்கு’ என்றோ இருக்கலாம், தனியார் பட்டாவாகவும் இருக்கலாம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

படி 2: காகிதத்தில் காடு இல்லையென்றால்

மனம் உடைய வேண்டாம். 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அகராதிப் பொருளில் காடாக இருப்பது எதுவானாலும், அதன் உரிமையாளர் யாராக இருந்தாலும், 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். மத்திய அரசின் முன்அனுமதி இல்லாமல் அங்கே வேறு பணி செய்யக் கூடாது. அப்படிப்பட்ட நிலங்களை அடையாளம் காண மாநிலங்கள் நிபுணர் குழு அமைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

2023இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்துக்கும், 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பிறகோ அரசுப் பதிவேட்டில் காடு என்று பதிவான நிலத்துக்கும் மட்டுமே பொருந்தும் என்று சுருக்கினார்கள். திருத்தத்தை எதிர்த்து வழக்கு நடக்கிறது. 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, மாநிலங்கள் பட்டியலை முடிக்கும்வரை 1996ஆம் ஆண்டு விளக்கத்தையே பின்பற்றச் சொல்கிறது. உங்கள் மனுவில் இந்த இரண்டு உத்தரவுகளின் தேதிகளும் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த வேலை தகவல் உரிமை மனு. கட்டணம் பத்து ரூபாய், பதில் தர வேண்டிய காலம் 30 நாள். ‘ஏன் காட்டை அழிக்கிறீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

“இன்ன வட்டம், இன்ன கிராமம், சர்வே எண் இன்னதன் அ-பதிவேட்டு நகலையும், கடந்த முப்பது ஆண்டுகளில் அதன் வகைப்பாடு மாற்றப்பட்டிருந்தால் அதற்கான உத்தரவு நகலையும் வழங்கவும். உச்ச நீதிமன்றத்தின் 12.12.1996 உத்தரவின்படி தயாரிக்கப்பட்ட காடுகள் பட்டியலில் இந்த எண் இடம்பெற்றிருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை வழங்கவும். இந்த நிலத்தில் எந்தத் துறைக்காவது, நிறுவனத்துக்காவது வழங்கப்பட்ட அனுமதிகளின் நகல்களை வழங்கவும். தொடர்புடைய கோப்பை நேரில் பார்வையிட நாள் ஒதுக்கவும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நகலாகத் தரும்போது விடுபடும் குறிப்புத்தாள்கள் கோப்பை நேரில் பார்க்கும்போது கண்ணில் படும். ஒரே மனுவை தாசில்தார் அலுவலகம், மாவட்ட வன அலுவலகம், திட்டம் போடும் துறை என்று மூன்று இடத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். மூன்று பதிலும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே உங்களுக்கு நல்ல சாட்சி. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இரண்டாம் மேல்முறையீட்டில் வித்தியாசம் உண்டு: கடலூர்க்காரர்கள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும், யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்கு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம்.

நிலம் கோயிலுடையது என்று தெரிந்தால் கடலூரில் அறநிலையத் துறையிடமும், புதுச்சேரியில் இந்து சமய நிறுவனங்கள் துறையிடமும் கேளுங்கள். கோயில் காடுகளுக்கு இப்போது கூடுதல் பிடி இருக்கிறது. ராஜஸ்தான் கோயில் காடுகள் பற்றிய வழக்கில் 2024 டிசம்பர் 18 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் இவற்றைப் பாதுகாக்கக் கொள்கை வகுக்கும்படி மத்திய அரசுக்குப் பரிந்துரைத்திருக்கிறது.

படி 3: திட்டத்தின் காகிதங்களைத் தேடுங்கள்

இது சீக்கிரம் முடிகிற வேலை. மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் சுற்றுச்சூழல் அனுமதி, வன அனுமதி, கடலோர அனுமதி விண்ணப்பங்கள் எல்லாம் ஏறும். மாவட்டப் பெயரை வைத்துத் தேடுங்கள். வரைபடக் கோப்பு இருந்தால் இறக்கி, உங்கள் காட்டு எல்லையின் மேல் போட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தில் ‘காடு இல்லை’ என்று டிக் அடித்திருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே சேமித்து வையுங்கள். எதுவுமே பதிவாகாமல் வேலை தொடங்கியிருந்தால் அனுமதியே வாங்கவில்லை என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு. தகவல் உரிமை மனுவில் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 4: நடப்பதையே சாட்சியாக்குங்கள்

நம்மைப் போன்றவர்களின் பலம் இதுதான். வக்கீலுக்கும் அதிகாரிக்கும் அந்தக் காடு ஒரு எண். நமக்கு எந்த மாதத்தில் எந்த மரம் பூக்கும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். ஆனால் தெரிந்தது எழுத்தில் இருக்க வேண்டும்.

பறவை பார்க்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் பறவைப் பதிவுக்கான இ-பேர்ட் செயலியில் பட்டியல் ஏற்றுங்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் காட்டையும் ஓர் இடமாகச் சேருங்கள். வருடா வருடம் ஒரே நாட்களில் எடுத்த கணக்குக்கு மதிப்பு அதிகம். ஐப்பசியில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி, சருகு மூடிய நிழல் தரையில் புழு தேடித் தின்னும் பறவை. அது ஆண்டுதோறும் உங்கள் காட்டில் இறங்குகிறது என்று பதிவு இருந்தால், ‘இது வெறும் முள்ளுப் புதர்’ என்ற வாதம் நிற்காது. மயில், உடும்பு, மலைப்பாம்பு மூன்றும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைப் பார்த்தால் இடம், தேதி, நேரத்தோடு படம் எடுங்கள். ஆனால் கூடு, வளை, முட்டை இருக்கும் சரியான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். வேட்டைக்காரர்களும் அதைப் பார்ப்பார்கள்.

மரங்களுக்கு ஒரு எளிய முறை: பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் மரங்களின் பெயரையும், மார்பளவு உயரத்தில் சுற்றளவையும் எழுதுங்கள். காட்டின் வெவ்வேறு பகுதிகளில் இப்படிச் சில கட்டங்கள் போதும். பெயர் தெரியாத செடியின் இலை, பூ, காய், பட்டை நான்கையும் படம் எடுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு (பெயரிட்டு உலர்த்தி வைத்த செடி மாதிரிகள்) அங்கேதான் இருக்கிறது. இந்தக் கரையோரக் காடுகளை ஆராய்ந்த பல்கலைக்கழகமும் காலாப்பட்டில் இருக்கிறது. ஒரு தாவரவியல் பேராசிரியர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பட்டியல், நாம் ஆயிரம் பேர் போடும் கையெழுத்தைவிடப் பசுமைத் தீர்ப்பாயத்தில் (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான நீதிமன்றம்) செல்லும்.

பழைய செயற்கைக்கோள் படங்களும் எடுத்து வையுங்கள். கூகுள் எர்த்தில் ஆண்டு வாரியாகப் பின்னோக்கிப் போகலாம். 2011 டிசம்பர் 30 தானே புயல் நம் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களை ஒப்பிட்டால் உங்கள் காடு எப்படி நின்றது, எப்படி மீண்டது என்று தெரியும். காப்புக்காட்டுக்குள் இதையெல்லாம் செய்ய வனத்துறையின் அனுமதி வாங்குங்கள். அத்துமீறி நுழைந்து எடுத்த ஆதாரம் நம் மேலேயே திரும்பும்.

படி 5: ஊருக்குள் போய் உட்காருங்கள்

பல குழுக்கள் தவிர்ப்பது இந்தப் படியைத்தான், தோற்பதும் இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். காட்டை ஒட்டி இருக்கும் ஊர்க்காரர் கேட்பார்: “நீங்க ஞாயித்துக்கெழமை வர்றீங்க, நாங்க தெனமும் இங்கதான் கெடக்கோம். ரோடு வந்தா எம்புள்ள ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போவும். அத வேணாங்க நீங்க யாரு?” நியாயமான கேள்வி. இதற்குப் பதில் இல்லாமல் மனு எழுதக் கூடாது.

பதாகையோடு போகாதீர்கள். டீக்கடையில் உட்காருங்கள். ஆடு மேய்க்கும் பெரியவரிடம், விறகு பொறுக்கும் அம்மாவிடம், கோயில் பூசாரியிடம், ஏரிப் பாசன விவசாயிகளிடம் பேசுங்கள். ‘ஐயா, இந்தக் காடு இல்லாட்டி உங்களுக்கு என்ன குறையும்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். கடலூர்ப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் பெய்யும் மழை கீழே மணற்கல் அடுக்கில் இறங்கித்தான் கிணறுகளுக்கு வருகிறது. இதை உங்களைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். சாலை உண்மையிலேயே தேவையென்றால் காட்டைச் சுற்றிப் போகும் மாற்றுத்தடத்தை நீங்களே வரைந்து, நீள வித்தியாசத்தையும் எழுதிக் காட்டுங்கள். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்கிற குழுவை ஊர் நம்பாது, நம்பவும் வேண்டியதில்லை. ஆடு மேய்ப்பவரையும் விறகு எடுப்பவரையும் காட்டின் எதிரி என்று எழுதாதீர்கள். அந்தக் காடு இன்றுவரை நிற்பதில் அவர்களுடைய பங்கு நம்முடையதைவிடப் பெரியது.

படி 6: மனு, ஜமாபந்தி, கிராம சபை

மனு ஒரு பக்கத்தில் முடியட்டும். சர்வே எண், காட்டின் பரப்பு, என்ன நடக்கிறது, எந்தச் சட்டம் மீறப்படுகிறது, என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். நிலப் பதிவு பற்றிய கோரிக்கைக்கு, ஆண்டுக்கொருமுறை தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தி சரியான இடம். கிராமக் கணக்குகள் அன்றைக்கு மேசையில் இருக்கும். அரசு நிலத்தில் மரம் வெட்டுவது என்றால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை ஊர்க்காரரே முன்மொழிய வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்து, நகல் வாங்குங்கள். இது வெறும் சடங்கு என்று நினைக்கிறவர்களுக்கு அரிட்டாபட்டியைச் சொல்வேன். மதுரைக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊர் 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கிய பகுதிக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. சுற்றுவட்டார ஊராட்சிகள் தீர்மானம் போட்டன, விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தலமாக அறிவித்த காகிதம் ஏற்கனவே கையில் இருந்ததும், ஊர் முழுக்க ஒன்றாக நின்றதும் சேர்ந்துதான் அதைச் சாதித்தன.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கதவு குறுகலானது. அங்கே 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலோடு சரி. அந்தப் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து இல்லை. தொகுதி எம்.எல்.ஏ., கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர், துணைநிலை ஆளுநர் அலுவலகம் என்று மூன்று இடத்திலும் எழுத்தில் கொடுத்து வைக்க வேண்டியதுதான்.

படி 7: கருத்துக்கேட்புக் கூட்டம்

2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, ஒரு தமிழ் நாளிதழில் விளம்பரம், தமிழில் சுருக்க அறிக்கை, முழுக் கூட்டமும் வீடியோ பதிவு. ஆட்சியரோ கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்பார். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. யாரும் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு. கட்டடம், மனைப்பிரிவு, நகரியத் திட்டங்களுக்கு இந்தக் கூட்டமே தேவையில்லை என்று விலக்கு இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு முன்பு அறிக்கையின் தாவர, விலங்குப் பட்டியலை உங்கள் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நம் கரையில் வளராத மரம் அறிக்கையில் இருந்தால் வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பேசுவதை ஆளுக்கொரு விஷயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் தண்ணீர், ஒருவர் பறவை, ஒருவர் கோயில், ஒருவர் மாற்றுத்தடம். ஊர்ப் பெண்கள் முதலில் பேசட்டும். பேசியதை எழுத்திலும் கொடுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதற்குமுன் யாரும் கிளம்ப வேண்டாம்.

படி 8: நீதிமன்றம்

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தெற்கு மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கடலூர், புதுச்சேரி இரண்டும் அதன் எல்லைக்குள். அனுமதி உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள், காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை. பொதுவாகச் சுற்றுச்சூழல் பிரச்சினை பற்றிய விண்ணப்பத்துக்கு, அது முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். இழப்பீடு கேட்காத விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நாள் தவறினால் எவ்வளவு நல்ல வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும்.

தீர்ப்பாயம் ஏழு சட்டங்களின் கீழ்தான் விசாரிக்கும். வனப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பல்லுயிர்ச் சட்டங்கள் அதில் உண்டு. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. இந்த ஏழு சட்ட வரம்பின் விலையை நம் பக்கத்திலேயே பார்த்தோம். ஆரோவில்லில் வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் அகற்றப்பட்டன. வெறும் செம்மண் மேட்டில் மனிதர்கள் பல பத்தாண்டுகள் நட்டு வளர்த்த காடு அது. 2022 ஏப்ரலில் தீர்ப்பாயம் கட்டுப்பாடுகள் விதித்தது. 2025 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அந்த ஏழு சட்டங்களில் எதுவும் மீறப்பட்டதாக நிலைநாட்டப்படவில்லை, ஆகவே தீர்ப்பாயம் இதில் தலையிட்டதே தவறு என்பது சாரம். ஆகவே வக்கீலைப் பார்க்கும்போது முதல் கேள்வி ‘எந்தச் சட்டம்?’ என்பதாக இருக்கட்டும். ஏழில் அடங்காது என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. இரண்டு பகுதிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஜேசிபி வந்து நின்றுவிட்டால்

பொது வழியில் நின்று, விடாமல் வீடியோ எடுங்கள். வண்டி எண், இடம், நேரம் தெரியட்டும். ‘அனுமதி உத்தரவைக் காட்டுங்க சார்’ என்று அமைதியாகக் கேளுங்கள். ஒருவர் ரேஞ்சரையும், இன்னொருவர் தாசில்தாரையும், மூன்றாமவர் ஆட்சியர் அலுவலகத்தையும் அழைக்கட்டும். போனில் சொன்னதையே அடுத்த சில நிமிடங்களில் மின்னஞ்சலில் அனுப்புங்கள். இயந்திரத்தின் முன்னால் யாரும் தனியாகப் போய் நிற்க வேண்டாம். ஓட்டுநரைத் திட்ட வேண்டாம். அவர் நாள் கூலிக்கு வந்தவர். ஆதாரமில்லாமல் ‘லஞ்சம் வாங்கிவிட்டார்’ என்று யார் பெயரையும் எழுதாதீர்கள். அவதூறு வழக்கு வந்தால் காட்டு வேலை நின்று கோர்ட்டு வேலைதான் நடக்கும். அன்று மாலையே எல்லாவற்றையும் வக்கீலிடம் சேர்த்து, இடைக்காலத் தடை கேட்க முடியுமா என்று பாருங்கள்.

திட்டம் நின்ற பிறகு

அதிகாரி வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். ரத்து உத்தரவின் நகல் வேண்டும். பரிவேஷில் அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு மட்டும் உறங்கினால் அடுத்த ஆட்சியிலோ அடுத்த ஆட்சியரின் காலத்திலோ அது எழுந்துவிடும்.

குழு கலையும் முன் ஒரு வேலை பாக்கி. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவில் பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கோரி, உங்கள் மரப் பட்டியல், பறவைக் கணக்கு, கிராம சபைத் தீர்மானம் மூன்றையும் இணைத்து மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு எழுதுங்கள். திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில் காடு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. 2025இல் அந்தத் தகுதி அதற்குக் கிடைத்தது. நம் வீரை மரக்காடுகளுக்கும் கேட்கலாம். கூடவே அடுத்த ஜமாபந்தியில், பதிவேட்டில் ‘தரிசு’ என்று இருக்கும் வரியைக் ‘காடு’ என்று திருத்தக் கோரும் மனுவைக் கொடுத்து, ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.